கூழ்த் தெளிப்பு முறையில் புல்வெளி அமைத்தல்

புதிய பள்ளிக் கட்டடம் ஒன்று எழும்பி முடிந்ததும் அதனைச் சுற்றி எஞ்சி நிற்பது பெரும்பாலும் வெற்று மண்ணே. அடித்தளத்திற்காகத் தோண்டி எடுத்த அடிமண்ணும், செங்கல் துண்டுகளும், சுண்ணாம்புக் கட்டிகளும் கலந்து கிடக்கும் அந்நிலத்தின்மீது முதல் மழை பெய்யும்போது நிகழ்வது யாது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் நிலத்தைத் தாக்குகிறது. அத்தாக்குதலால் மண் துகள்கள் சிதறித் தெறிக்கின்றன. நுண்ணிய துகள்கள் மண்ணின் துளைகளில் புகுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஏடு படிந்து, அடுத்து விழும் நீர் உள்ளே இறங்க வழியின்றி ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீர் மேல்மண்ணையும் உடன் கொண்டு செல்கிறது. மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் அதே நிலம் புழுதியாகிறது.

புல் இவ்விரு தீங்குகளையும் ஒருங்கே தடுக்கிறது. அதன் இலைகள் துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. தண்டுகள் ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துகின்றன. வேர்கள் மேல்மண்ணைப் பின்னிப் பிணைக்கின்றன. ஆகவே புல்வெளி என்பது கண்ணுக்கு இனிய அழகுப் பொருள் மட்டுமன்று. மண்ணைக் காக்கும் போர்வையுமாகும். எனினும் வெற்று நிலத்தில் புல்லை நிலைபெறச் செய்வது எளிதன்று. விதைத்த விதையை அடுத்த மழையே அடித்துச் செல்லக்கூடும். பறவைகளும் எறும்புகளும் கவர்ந்து செல்லக்கூடும். முளைத்த நாற்று ஒரு நண்பகல் வெயிலில் உலர்ந்து மடியக்கூடும். இவ்விடர்களைக் குறைக்கும் பொருட்டு உருவானதே ‘ஹைட்ரோசீடிங்’ எனப்படும் கூழ்த் தெளிப்பு முறை.

முறையின் தோற்றம்

1950-களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும் நெடுஞ்சாலைகள் அமைக்கப்பட்டபோது, குன்றுகளை வெட்டியும் கரைகளை உயர்த்தியும் பல நீண்ட சரிவுகள் உண்டாயின. அச்சரிவுகளில் ஆட்கள் ஏறிநின்று விதைத்தல் கடினமாயிருந்தது. தூவிய விதைகளும் உருண்டு அடிவாரத்தில் சேர்ந்தன. விதையை நீரில் கலந்து குழாயின் வழியாகப் பீய்ச்சினால், சாலையில் நின்றவாறே சரிவு முழுவதிலும் விதைக்கலாம் என்பது அந்நாட்டின் கனெக்டிகட் மாநில நெடுஞ்சாலைத் துறையில் கண்டறியப்பட்டது. பின்னர் அந்நீரோடு மரநாரும் உரமும் பசைப்பொருளும் சேர்க்கப்பட்டன. சாலைச் சரிவுகளுக்காகத் தோன்றிய இம்முறை, நாளடைவில் சுரங்கக் கழிவு மேடுகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் வீட்டுப் புல்வெளிகளுக்கும் பரவியது. இந்தியாவிலும் நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் பெரிய வளாகங்களிலும் இது கையாளப்படுகிறது.

தொட்டியில் கலப்பவை

இம்முறைக்கு வேண்டிய பொறி எளிய அமைப்புடையது. வண்டியின்மீது ஒரு பெரிய தொட்டி, அதனுள் சுழன்று கலக்கும் துடுப்புகள், கெட்டியான கூழையும் தள்ளவல்ல ஓர் இறைப்பான், நீண்ட குழாய், அதன் முனையில் கூழை விசிறிபோல் விரித்துவிடும் பீச்சுமுனை. சில பொறிகளில் துடுப்புகளுக்கு மாறாக, இறைத்த கூழின் ஒரு பகுதியே மீண்டும் தொட்டிக்குள் பாய்ச்சப்பட்டுக் கலக்கலைச் செய்கிறது. கலக்குதல் நின்றுவிடின் நார் ஒருபுறமும் விதை ஒருபுறமும் பிரிந்துவிடும். ஆகவே தெளித்து முடியும்வரை கலக்குதல் இடைவிடாது நடைபெறல் வேண்டும்.

தொட்டியில் இடும் பொருள்கள் ஐந்து. அவை நீர், விதை, மூடாக்கு நார், பசைப்பொருள், தொடக்க உரம் என்பன. மூடாக்கு நார் என்பது மரத்தூள் நாராகவோ பழைய காகிதக் கூழாகவோ இருக்கும். சமநிலத்திற்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் நார் போதும். செங்குத்தான சரிவுகளுக்கு 350 கிராம் வரை தேவைப்படும். 100 லிட்டர் நீரில் 5 கிலோகிராம் நாரைக் கலந்தால் குழாயில் தடையின்றிச் செல்லும் கூழ் கிடைக்கிறது. இக்கணக்கின்படி 1,000 சதுர மீட்டர் நிலத்திற்கு 200 கிலோகிராம் நாரும் 4,000 லிட்டர் நீரும் வேண்டும்.

நிலத்தின்மீது படிந்த நார் மூவகையில் பயன்படுகிறது. விதையை மண்ணோடு ஒட்டி வைக்கிறது; மழைத்துளியின் அடியைத் தான் ஏற்கிறது; உறிஞ்சிய நீரைச் சிறிது சிறிதாக விட்டு விதையைச் சுற்றி ஈரம் காக்கிறது. ஆயினும் இப்போர்வை சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. வெயிலில் சில மணி நேரத்திற்கு மேல் அது ஈரத்தைத் தாங்காது என்பதைக் களப் பணியாளர் மறத்தலாகாது.

உலகிற்குப் பசை அளிக்கும் இந்தியப் பயிர்கள்

கூழைச் சரிவில் ஒட்டச் செய்யும் பசைப்பொருள்களுள் இரண்டு இந்திய வயல்களிலிருந்து செல்பவை. ஒன்று கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின். உலகில் விளையும் கொத்தவரை விதையில் சுமார் 80 விழுக்காடு இந்தியாவில் விளைகிறது. அதில் முதலிடம் பெறுவது இராஜஸ்தான். மற்றொன்று இசப்கோல். குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களில் பயிராகும் இச்செடியின் விதையுமி நீரில் ஊறியதும் வழவழப்பான கூழாகிறது. மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கப்படும் அதே பொருள்தான் தொலைநாட்டுச் சாலைச் சரிவுகளில் புல்விதையைப் பிடித்து நிறுத்துகிறது. இவ்விரண்டும் நீரை ஈர்த்துப் பருத்து, உலரும்போது நாரையும் மண்துகளையும் வலைபோல் பிணைக்கின்றன. அங்ஙனம் பிணைவதற்கு, தெளித்தபின் 12 முதல் 24 மணி நேரம் மழையின்றி இருத்தல் வேண்டும். உலருமுன் பெருமழை பெய்தால், போர்வை விதையோடு சேர்ந்து வழிந்துவிடும்.

விதையினுள் நிகழ்வது

கூழ்த் தெளிப்பின் வெற்றியும் தோல்வியும் விதையின் இயல்பை அறிவதில் அடங்கியிருக்கின்றன. உலர்ந்த விதை உறங்கும் உயிர். பல மாதங்கள் பைக்குள் கிடந்தாலும் அதற்குக் கேடில்லை. நீர் பட்டதும் அது உறிஞ்சிப் பருக்கிறது, நொதிகள் செயற்படுகின்றன, சேமித்துவைத்த மாப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, மூச்சு விரைவுபடுகிறது, இறுதியில் முளைவேர் உறையைக் கிழித்து வெளிவருகிறது. முளைவேர் வெளிவந்த பின்னர் விதைக்குத் திரும்பும் வழி இல்லை. அந்நிலையில் ஒரு நாள் முற்றிலும் உலர நேர்ந்தாலும் நாற்று மடிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொட்டியில் கலந்த விதையை நெடுநேரம் வைத்திருத்தல் கூடாது. உரத்தின் உப்பு கரைந்த நீரில் ஊறும் விதை ஊறுபடும். துடுப்பும் இறைப்பானும் மெலிந்த விதையுறையைச் சிதைக்கும். நாரும் நீரும் பசையும் நன்கு கலந்தபின் இறுதியில் விதையை இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் தெளித்து முடித்தல் நன்று. மாலையில் மிஞ்சிய கூழை மறுநாளுக்கென வைத்தல் வீண். இரண்டாவது, தெளித்த நாள் முதல் நாற்று வேரூன்றும் நாள்வரை ஈரம் அறுபடலாகாது.

புல்லைத் தெரிந்தெடுத்தல்

இந்தியச் சமவெளிகளில் புல்வெளிக்கு ஏற்றது அறுகம்புல். வட இந்தியாவில் ‘தூப்’ என்று வழங்கும் இப்புல் வெப்பத்தையும் மிதிபடுதலையும் தாங்கும். தரையோடு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டுப் பரவும். முழு வெயில் இதற்கு இன்றியமையாதது. அடர்ந்த மரநிழலில் எம்முறையில் விதைத்தாலும் இது நிலைக்காது. வெப்பம் குறைந்த மலைப்பகுதிகளில் ரைபுல், ஃபெஸ்க்யூ முதலிய குளிர்நாட்டுப் புற்களே பொருந்தும்.

எல்லாப் புற்களையும் விதையால் வளர்க்க இயலாது என்பதும் கருதத்தக்கது. விளையாட்டு மைதானங்களில் நடப்படும் ஒட்டு அறுகு வகைகள் பல மலட்டுத்தன்மை உடையவை. அவை முளைக்கும் விதை தருவதில்லை. நாற்றங்கால்களில் கொரியப் புல் என விற்கப்படுவதும் வேருள்ள துண்டுகளாகவே நடப்படுகிறது. இவ்வகைப் புல்லை விதைக் கூழாகத் தெளித்துத் தருவதாக எவரேனும் கூறின், விதைப் பையின் சீட்டைக் கேட்டுப் பார்த்தல் முறை.

அறுகின் விதை மிகச் சிறியது. ஒரு கிலோகிராமில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகள் உள்ளன. ஆகவே சதுர மீட்டருக்கு 3 கிராம் உயிருள்ள விதை போதுமானது. இங்கு ‘உயிருள்ள’ என்னும் சொல் இன்றியமையாதது. பையிலுள்ள விதையின் தூய்மை 95 விழுக்காடும் முளைப்புத்திறன் 80 விழுக்காடும் எனின், இவ்விரண்டையும் பெருக்கக் கிடைக்கும் 76 விழுக்காடே உண்மையில் பயன்படும் விதை. 3 கிராமை 0.76-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 கிராம் வருகிறது. அதாவது 1,000 சதுர மீட்டருக்கு 3 கிலோகிராமன்று, 4 கிலோகிராம் விதை வேண்டும். பழைய விதையாயின் இவ்வளவு இன்னும் உயரும். வாங்கும் முன்னர் 100 விதைகளை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் பரப்பி, உலராமல் இரண்டு மூன்று வாரம் வைத்து முளைத்தவற்றை எண்ணுவதே எளிய சோதனை.

நிலத்தைப் பண்படுத்தல்

பொறியின் வரவை எதிர்நோக்கும் ஆர்வத்தில் நிலத்தைப் புறக்கணிப்பது பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணமாகிறது. கூழ் விதையை மண்ணின்மீது வைக்கிறது. அதற்குமேல் வளர்க்க வேண்டியது மண்ணேயாகும். கட்டட வண்டிகளால் இறுகிய நிலத்தில் வேர் இரண்டு விரற்கடைக்குக் கீழே இறங்காது. முதலில் பச்சை விரிப்புப்போல் தோன்றிய புல், வேர் இறங்க இடமின்றி அடுத்த கோடையில் திட்டுத் திட்டாகக் கருகும்.

ஆதலின் நிலத்தை 30 செண்டிமீட்டர் ஆழமேனும் கொத்திக் கிளறி, செங்கல், கல், சுண்ணாம்புக் கட்டி ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றல் வேண்டும். கோரைக்கிழங்கு இருப்பின் அதனை ஒன்றுவிடாமல் பெயர்த்தெடுத்தல் அவசியம். களை மிகுந்த நிலத்தில், கிளறியபின் ஒருமுறை நீர் பாய்ச்சி, களைகள் முளைத்து எழுந்ததும் மீண்டும் கொத்தி அழித்தல் சிறந்த வழி. பின்னர் நன்கு மட்கிய தொழு எருவை ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் தடிப்பிற்குப் பரப்பி மண்ணோடு கலக்க வேண்டும். மட்காத எரு களை விதைகளைக் கொண்டுவரும். உவர் நிலமாயின் மண் பரிசோதனை செய்து அதற்கேற்ற அளவு ஜிப்சம் இடுதல் தகும். பாஸ்வர உரத்தை இந்நிலையிலேயே மண்ணில் கலந்துவிட்டால், தொட்டியில் இடவேண்டிய உரத்தின் அளவு குறைந்து விதைக்கு ஊறு நேராது.

நிலத்தை மட்டப்படுத்தும்போது, நீர் தேங்காது வடிய 100 மீட்டருக்கு 1 முதல் 2 மீட்டர் சாய்வு அமைதல் வேண்டும். உருளையை இலேசாக ஓட்டி அமர்த்தியபின், பல்லுள்ள வாரியால் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் கூழ் வழுக்கும். சொரசொரப்பான பரப்பில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு விதைக்கு மடியாகும். சரிவுகளில் வாரியின் கோடுகள் சரிவுக்குக் குறுக்காக அமைதல் வேண்டும். மேலிருந்து கீழாக அமைந்தால் அவையே நீரோடைகளாகிவிடும்.

தெளிக்கும் வகை

தெளிப்பதற்கு முன்னர் நிலத்தை நனைத்து ஈரமாக்குதல் நன்று; சேறாகும்வரை நனைத்தல் தீது. காற்று மிகுந்த நேரத்தில் தெளித்தால் கூழ் சுவர்மீதும் சாலைமீதும் படியும். குழாய்முனையை மண்ணை நோக்கி நேராகப் பாய்ச்சாமல், சற்று மேல்நோக்கிப் பிடித்து மழைபோல் விழச் செய்ய வேண்டும். ஒரு திசையில் தெளித்து முடித்தபின் எதிர்த்திசையிலிருந்து மறுமுறை தெளித்தால், மண்கட்டிகளின் மறைவிலுள்ள இடங்களும் விடுபடா.

கூழில் பச்சைச் சாயம் கலப்பது வழக்கம். எங்கே தெளிக்கப்பட்டது, எங்கே விடுபட்டது என்பதைத் தெளிப்பவர் கண்டுகொள்வதற்காகவே சாயம் சேர்க்கப்படுகிறது. வேலை முடிந்த மாலையில் நிலம் முழுவதும் பசுமையாகத் தோன்றுவது சாயத்தின் பசுமை, புல்லின் பசுமையன்று. அறுகு முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். இடைப்பட்ட நாள்களில் சாயம் வெளுத்து நிலம் பழுப்பாகத் தோன்றும். இதனை அறியாதார் சிலர் முதல் நாள் நிறத்தைக் கண்டு வேலை முடிந்ததெனக் கையொப்பமிடுகின்றனர். பின்னர் நிறம் வெளுத்ததும் புல் பட்டுவிட்டதென நீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடுகின்றனர். முன்னது பணத்திற்குக் கேடு. பின்னது முளைக்கும் தறுவாயிலுள்ள நாற்றுக்குக் கேடு.

மூன்று வாரத்து நீர்

முதல் மூன்று வாரங்களே இப்பணியின் உயிர்நாடி. நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு முறை, மேல்மண் நனையுமளவு மெல்லத் தெளித்தல் வேண்டும். ஒரே முறை வெள்ளமாகப் பாய்ச்சினால் விதை இடம் பெயரும். நாற்று வேரூன்றியபின் தடவைகளைக் குறைத்து ஆழமாக நனைத்தால் வேர் நீரைத் தேடிக் கீழிறங்கும்.

இதற்கு வேண்டும் நீரின் அளவை முன்கூட்டியே கணக்கிடுதல் பொறுப்புள்ள பணியாளரின் கடமை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். இருபது நாளில் இது 1,00,000 லிட்டராகிறது. தெளிக்கும் நாளில் பொறி செலவிடும் 4,000 லிட்டர் இதன் முன் மிகச் சிறிது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என அளவு வகுத்தது. அவ்வளவின்படி 5,000 லிட்டர் என்பது 90 பேரின் ஒரு நாள் நீர். ஒரே கிணற்றை ஊரும் பள்ளியும் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், கோடையில் புல் விதைத்தல் எவ்வாறு முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வறண்ட வடமேற்குப் பகுதிகளில் கோடைக்காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டருக்கும் மேல் ஆவியாகிறது; அங்கு மேற்கண்ட கணக்கும் போதாது.

ஆகவே பருவமே முதன்மையான தீர்வு. தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் கடும் மழை தணிந்து இடையிடையே தூறும் காலமும், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னுள்ள காலமும் ஏற்றவை. நீர் வசதியுள்ள வடக்குச் சமவெளிகளில் குளிர் நீங்கும் பிப்ரவரி இறுதி முதல் மார்ச்சு வரையிலும் விதைக்கலாம். கடுங்குளிரில் அறுகு முளைக்காது. வளர்ந்த புல்லும் பழுப்பேறி உறங்கும். குளிக்கும் நீர், பாத்திரம் அலசிய நீர் முதலியவற்றைச் சோப்புக் கலவாமல் பிரித்துவைத்தால், நாற்று வேரூன்றியபின் அவற்றையும் பயன்படுத்தலாம்.

பள்ளிகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் காலமும், மழையில் நாற்று முளைக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. இளம்புல் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் மிதிபடாதிருத்தல் வேண்டும். பிள்ளைகளோ அத்தனை நாள் விளையாடாதிருத்தல் இயலாது. மைதானத்தை இரு பாதியாகப் பிரித்து, ஓர் ஆண்டு ஒரு பாதியும் மறு ஆண்டு மற்றொரு பாதியும் விதைப்பது இதற்கு நல்ல வழி. நீர்த் தேவையும் அதனால் பாதியாகிறது.

சாணக் கூழ் முறை

விதையையும் பசையையும் மூடாக்கையும் ஒன்றாய்க் குழைத்து நிலத்தில் பூசும் கருத்து இந்தியத் தோட்டக்காரருக்குப் புதியதன்று. தோட்டக்கலை நூல்களில் ‘புல் பூச்சு’ முறையாகக் கூறப்படுவது இதன் நெருங்கிய உறவு. களையற்ற அறுகம்புல்லைச் சேகரித்து 5 முதல் 7 செண்டிமீட்டர் நீளமுள்ள துண்டுகளாக நறுக்க வேண்டும். இத்துண்டுகள் இரண்டு கூடை, தோட்டமண் ஒரு கூடை, புதுச் சாணம் ஒரு கூடை, மரச் சாம்பல் ஒரு மண்வெட்டி அளவு ஆகியவற்றை நீர்விட்டுக் கெட்டியான குழம்பாகப் பிசைய வேண்டும். மட்டப்படுத்தி நனைத்த நிலத்தின்மீது இக்குழம்பை 2.5 செண்டிமீட்டர் தடிப்பிற்குச் சீராகப் பூசி, பூவாளியால் நீர் தெளித்து, மறுநாள் உருளை ஓட்டி அமர்த்த வேண்டும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கணுக்களிலிருந்து தளிர்கள் எழும்.

பொறியின் கூழில் உள்ள ஒவ்வொன்றிற்கும் இதில் ஈடு உண்டு. விதைக்கு ஈடாகக் கணுவுள்ள தண்டு. பசைக்கும் நாருக்கும் ஈடாகச் சாணம். தொடக்க உரத்திற்கு ஈடாகச் சாணமும் சாம்பலும். விதை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. விதை தராத புல் வகைகளுக்கும் இம்முறை பொருந்தும். குறையும் உண்டு. 2.5 செண்டிமீட்டர் தடிப்பிற்குப் பூச, 100 சதுர மீட்டருக்கு 2.5 கன மீட்டர் குழம்பு வேண்டும். 1,000 சதுர மீட்டருக்கு 25 கன மீட்டர். இவ்வளவு சாணத்தையும் புல்லையும் ஆள் உழைப்பையும் பெரும் பரப்பிற்குத் திரட்டுதல் அரிது. செங்குத்துச் சரிவில் பூச்சு நில்லாது. ஆகவே பள்ளி முகப்பு, அலுவலக முற்றம் போன்ற சிறு நிலங்களுக்குச் சாணக் கூழும், ஏக்கர்க் கணக்கான மைதானத்திற்கும் எட்டாச் சரிவுக்கும் பொறிக் கூழும் எனப் பிரித்துக்கொள்ளுதல் பொருத்தமாகும்.

சரிவுகளில் எச்சரிக்கை

சரிவில் கூழ்த் தெளிப்பு செய்வது மேற்பரப்பு அரிப்பைத் தடுக்கும் வேலையே. அது நிலச்சரிவைத் தடுக்காது. அறுகின் வேர்த்தொகுதியின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே அடங்கிவிடுகிறது; பல மீட்டர் ஆழத்தில் வழுக்கும் மண்ணை அதனால் பிடித்து நிறுத்த இயலாது. மேலிருந்து திரண்டு வரும் வெள்ளத்தையும் அது தாங்காது. சரிவின் உச்சியில் ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை ஒதுக்கிவிட்ட பின்னரே தெளிப்பைத் தொடங்கல் வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் தென்னை நார் வலையையோ சணல் வலையையோ விரித்து முளைகளால் இறுக்கினால் கூழுக்குப் பிடிப்பு உண்டாகும். இவ்வலைகள் ஓரிரு ஆண்டுகளில் மட்கும்போது புல் தானே நிலைபெற்றுவிடும். ஆழ்ந்த பிடிப்பு வேண்டின், நல்ல மண்ணில் 2 முதல் 3 மீட்டர் வரை வேர்விடும் வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டு, வரிசைகளுக்கிடையே புல்லைத் தெளிக்கலாம்.

இந்தியாவில் இவ்வழியில் வேறு முயற்சிகளும் நிகழ்ந்திருக்கின்றன. சாலைச் சரிவுகளில் விதைத்த நிலத்தின்மீது அஸ்பால்ட் பால்மத்தை மெல்லிய போர்வையாகத் தெளித்து, அதனூடே புல் முளைக்கச் செய்யும் முறையை மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் கையாண்டுள்ளது. மண்ணைக் காக்கும் மெல்லிய போர்வை ஒன்றின் கீழ் விதைக்கு அவகாசம் அளித்தல் என்பதே இம்முறைகள் அனைத்தின் பொதுக் கருத்து.

வேலையை அளந்தறிதல்

தெளிப்புப் பணி நிறைவேறியதா என்பதைச் சதுர மீட்டருக்கு எத்தனை நாற்று நிற்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். கம்பியால் 25 செண்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சட்டம் செய்துகொள்ளலாம். நிலத்தின் பத்து இடங்களில் கண்போன போக்கில் அதனை இட்டு, உள்ளே நிற்கும் நாற்றுகளை எண்ணிச் சராசரி கண்டு 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டரின் எண்ணிக்கை கிடைக்கும். சட்டத்திற்குள் சராசரி 30 நாற்று எனின் சதுர மீட்டருக்கு 480 ஆகும். நான்காம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் இவ்வாறு எண்ணிக் குறித்துவைத்தால், எங்கே மறுமுறை விதைக்க வேண்டும் என்பது தெளிவாகும். ஒப்பந்தத்தில் இறுதித் தொகையை இவ்வெண்ணிக்கையோடு இணைத்துவிட்டால், சாயத்திற்குப் பணம் கொடுக்கும் நிலை நேராது.

புல் 5 அல்லது 6 செண்டிமீட்டர் உயர்ந்ததும் முதல் வெட்டு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. அதற்கு மேல் வெட்டினால் வேரின் வளர்ச்சி தடைப்படும். வெட்டும் கருவியின் அலகு கூர்மையாயிருத்தல் அவசியம்; மழுங்கிய அலகு இளநாற்றை வேரோடு பிடுங்கிவிடும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

மேற்கூறியவற்றை மாணவர்க்கு விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள மூன்று தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே அளவு அறுகு விதையைத் தூவ வேண்டும். முதல் தட்டு வெறும் மண்ணாக இருக்கட்டும். இரண்டாவதன்மீது நீர்த்த சாணக் கூழையும், மூன்றாவதன்மீது பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழையும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரு நாள் உலரவிட்டபின் மூன்றையும் ஒரே சாய்வில் நிறுத்தி, ஒரே உயரத்திலிருந்து பூவாளியால் ஒரே அளவு நீரை ஊற்றி, வழியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் பிடிக்கலாம். எப்புட்டியின் நீர் மிகக் கலங்கியது, அடியில் எவ்வளவு வண்டல் படிந்தது, எத்தனை விதை அடித்து வரப்பட்டது என்பவற்றை மாணவர் எழுதிவைப்பர்.

அடுத்து வரும் மூன்று வாரங்களில் ஒவ்வொரு தட்டையும் நடுவே பிரித்து, ஒரு பாதிக்கு நாள்தோறும் நீர் தெளித்தும், மறு பாதியை முளைவேர் தோன்றியதும் இரண்டு நாள் உலரவிட்டும் வளர்த்துப் பார்க்கலாம். மழையின் ஆற்றல், மண் அரிப்பு, விதையின் முளைப்பு, சராசரி, விழுக்காடு ஆகிய பல பாடங்கள் இச்சிறு சோதனையில் அடங்கும். உலரவிட்ட பாதிகளின் நிலையைக் கண்ட மாணவன், மைதானத்தின் இளம்புல்லுக்கு நீர் ஊற்றும் முறை தன்னிடம் வரும் நாளில் அதனைத் தவறவிடமாட்டான்.

முடிவாக, பொறியைத் தருவிக்கும் கடிதத்தை எழுதுமுன் களப் பணியாளர் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். நிலம் ஓர் அடி ஆழத்திற்குப் பண்பட்டிருக்கிறதா? மூன்று வாரத்திற்கு வேண்டிய நீர், ஊராரின் குடிநீருக்குக் குறைவின்றிக் கிடைக்குமா? அதனை நாள்தோறும் தெளிக்க ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறாரா? இம்மூன்றுக்கும் ஆம் என விடை கிடைக்குமாயின், கூழ்த் தெளிப்பு ஒரே நாளில் பல ஆட்களின் பல நாள் வேலையைச் செய்து முடிக்கும். அவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையாயின், அடுத்த பருவம்வரை காத்திருந்து, அதற்குள் மண்ணைப் பண்படுத்தி, நீர்க்குரிய ஏற்பாட்டையும் முடித்துவைத்தலே சிக்கனம். காத்திருக்கும் அந்நாள்களில் மைதானத்தின் ஒரு மூலையில் சாணக் கூழால் 10 சதுர மீட்டர் அறுகு வளர்த்து வைத்தால், அந்நிலத்திற்கும் அந்நீருக்கும் புல் எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பது முன்னதாகவே தெரிந்துவிடும்.